‘மூலிகைதானே அம்மா...’ என்கிறானா உங்கள் மகன்? கஞ்சாச் செடியின் முழு ஜாதகம்!

உங்கள் சமையலறைக்குள் ஒரு நிமிடம் போய்விட்டு வாருங்கள்.

அரிசி டப்பா இருக்கிறதா? அரிசியின் தாவரவியல் பெயர் ‘ஒரைசா சட்டைவா’. பக்கத்துக் கூடையில் பூண்டு... அது ‘அல்லியம் சட்டைவம்’. கொத்தமல்லி? ‘கொரியாண்ட்ரம் சட்டைவம்’. வெள்ளரிக்காய், முள்ளங்கி, கருஞ்சீரகம், பச்சைப் பட்டாணி, கல்யாண விருந்துக்கு வாங்கி வைத்த குங்குமப்பூ... இத்தனை பேருக்கும் ஒரே இனிஷியல் மாதிரி பின்னால் ஒட்டிக்கொண்டிருப்பது இந்த ‘சட்டைவா’தான். கொஞ்சம் இலக்கணம் மாறி ‘சட்டைவம்’, ‘சட்டைவஸ்’ என்று வரும். அவ்வளவுதான்.

லத்தீன் மொழியில் இதற்கு ஒரே அர்த்தம்: ‘விதைத்துப் பயிரிடப்படுவது’.

இப்போது ஒரு கேள்வி. கஞ்சாச் செடியின் தாவரவியல் பெயர் என்ன தெரியுமா? ‘கன்னாபிஸ் சட்டைவா’!

என்ன, தூக்கிவாரிப் போடுகிறதா? இதைத்தான் உங்கள் வீட்டுப் பிள்ளை நாளைக்கே உங்களிடம் வந்து வேறு மாதிரி சொல்லப் போகிறான். “அம்மா, அது கெமிக்கல் இல்லே... செடி. நேச்சுரல். மூலிகை. எத்தனையோ நாட்டுல மருந்தா குடுக்கறாங்க. சிகரெட்டைவிட ரொம்ப ஸேஃப். உனக்கு ஒண்ணும் தெரியாது...”

அவன் சொல்வதில் கால்வாசி உண்மை இருக்கிறது. அதுதான் ஆபத்து! முழுப் பொய்யை நாம் ஒரே வார்த்தையில் தள்ளிவிடலாம். கால்வாசி உண்மை கலந்த பொய்யை எதிர்க்க, அந்தக் கால்வாசி உண்மை நமக்கும் தெரிந்திருக்க வேண்டும். “சீ! அந்தப் பேச்சையே எடுக்காதே” என்று வாயை அடைத்தால், பிள்ளை கேள்வி கேட்பதை நிறுத்துவான். நம்மிடம் மட்டும்தான் நிறுத்துவான், தெருமுனையில் கேட்பான்.

அதனால் வாருங்கள்... இந்தச் செடியின் ஜாதகத்தை முழுசாகவே பார்த்துவிடுவோம்.

ஆண் வேறு, பெண் வேறு!

கஞ்சா ஒரு பருவச் செடி. விதைத்து, வளர்ந்து, பூத்து, விதை கொடுத்து, அதே ஆண்டில் காய்ந்துபோகும். விரித்த கைவிரல் மாதிரி இலை. ஒவ்வொரு விரலின் ஓரத்திலும் ரம்பப் பல். நம் ஊர் புளிச்சக்கீரையின் இலையும் ஏறக்குறைய இதே வடிவம்தான். அதனால்தான் அந்த அப்பாவிக் கீரைக்கு ‘ஹைபிஸ்கஸ் கன்னாபினஸ்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பயப்படாதீர்கள், புளிச்சக்கீரைக்கும் போதைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அது செம்பருத்திக் குடும்பம்.

அதேபோல, வயலில் பசுந்தாள் உரமாக மடக்கி உழுகிற சணப்பை வேறு. சாக்குப்பை தைக்கிற சணல் வேறு. நாருக்காக வளர்க்கப்படுவதால் ஆங்கிலத்தில் இவற்றையும் ‘ஹெம்ப்’ வகையில் சேர்த்துப் பேசிக் குழப்புவார்கள். மூன்றும் மூன்று குடும்பம்!

கஞ்சாவில் பெரும்பாலும் ஆண் செடி தனி, பெண் செடி தனி. நம் பனைமரம் மாதிரி. ஆண் செடியின் மகரந்தம் காற்றில் பறந்து போய்ப் பெண் பூவில் விழும். இந்தக் காற்று விஷயத்தை மனதில் வையுங்கள், பின்னால் இது முக்கியமாக வரப்போகிறது.

இன்னொரு விசித்திரம்... இந்தச் செடி காலண்டர் பார்க்கும்! பகல் நீளமாக இருக்கும் கோடையில் இலையும் தண்டுமாக வளர்ந்துகொண்டே போகும். பகல் சுருங்கி, இரவு நீள ஆரம்பித்ததும்தான் பூக்கத் தொடங்கும். பெண் பூவைச் சுற்றி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் பனித்துளி போல மினுக்குகிற நுண்ணிய சுரப்பிகள் இருக்கும். அவற்றில் ஊறும் பிசினில்தான் போதைச் சரக்கு இருக்கிறது. பூச்சிகளிடமிருந்தும் கடும் வெயிலிலிருந்தும் தன் விதையைக் காப்பாற்றச் செடி சுரக்கிற கவசம் அது என்கிறார்கள் தாவரவியல் நிபுணர்கள்.

சட்டைவா, இண்டிகா... இந்தச் சண்டை எதற்கு?

1753-ம் வருடம், ஸ்வீடன் நாட்டுத் தாவரவியல் மேதை லின்னேயஸ், ஐரோப்பாவில் நாருக்காக விளைந்துகொண்டிருந்த செடியைப் பார்த்து ‘கன்னாபிஸ் சட்டைவா’ என்று பெயர் சூட்டினார். 1785-ல் பிரான்ஸ் நாட்டு லமார்க், இந்தியாவிலிருந்து வந்த செடிகளைப் பார்த்துவிட்டு, “இது வேறு மாதிரி இருக்கிறதே... போதையும் தருகிறதே” என்று ‘கன்னாபிஸ் இண்டிகா’ எனத் தனிப் பெயர் கொடுத்தார். இரண்டும் தனித்தனி இனங்களா, ஒரே இனத்தின் இரண்டு முகங்களா என்ற வாதம் இரு நூற்றாண்டுகளாக ஓய்ந்தபாடில்லை.

இதற்கிடையே, கஞ்சா விற்க அனுமதி உள்ள வெளிநாட்டுக் கடைகளில் ‘சட்டைவா’ என்றால் வேறு அர்த்தம். ஆள் உயரத்தைத் தாண்டி நெடுநெடுவென்று வளரும், ஒல்லி இலை, பூக்க நாளாகும்... இது சட்டைவா. அதைப் பிடித்தால் உற்சாகம் வரும், சுறுசுறுப்பு வரும் என்று விளம்பரம். குட்டையாக, புதர் மாதிரி, அகல இலையோடு இருந்தால் இண்டிகா. அது தூக்கம் தரும் என்று இன்னொரு விளம்பரம்.

உயர வித்தியாசம் உண்மைதான். பூமத்திய ரேகைப் பக்கத்து நாடுகளில் பகலின் நீளம் வருஷம் முழுக்க அதிகம் மாறாது. குளிர்காலம் வந்து விரட்டுவதும் இல்லை. அதனால் அங்கே பழகிய செடிகள் நிதானமாக, உயரமாக வளர்ந்து, தாமதமாகப் பூக்கும். பக்கத்து கேரளத்தின் இடுக்கி மலைக்காடுகளில் ஒரு காலத்தில் திருட்டுத்தனமாக விளைந்து, ‘இடுக்கி கோல்டு’ என்று பெயரெடுத்ததும் இப்படி வெப்ப மண்டலத்துக்குப் பழகிய செடிதான். ஆஃப்கானிஸ்தான் பக்கத்து மலைகளிலோ பனி வருவதற்குள் முடித்தாக வேண்டும். அதனால் குட்டை, அவசரப் பூ.

ஆனால், “சட்டைவா என்றால் சுறுசுறுப்பு” என்பது? கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இந்த இரண்டு பெயர்களிலும் விற்கப்பட்டவற்றின் மரபணுவையும் ரசாயனத்தையும் ஒப்பிட்டு 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். பெயருக்கும் சரக்குக்கும் பெரிய பொருத்தம் இல்லை! வாசனை தரும் சில எண்ணெய்ப் பொருட்களில் மட்டும் கொஞ்சம் வித்தியாசம். மற்றபடி லேபிள் ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று. ஆக, “நான் எடுக்கறது மைல்டு வகைப்பா, அது ஒண்ணும் பண்ணாது” என்று யாராவது சொன்னால், அவருக்கே அது என்னவென்று தெரியாது என்று அர்த்தம்.

ஒரே செடி... மூன்று தொழில்!

அப்படியானால் இதை எதற்காக மனிதன் ஆயிரமாயிரம் ஆண்டுகளாகப் பயிரிட்டான்? போதைக்காக மட்டும்தானா? இல்லை. தண்டிலிருந்து நார், காயிலிருந்து விதை, பூவிலிருந்து பிசின் என்று மூன்று பயன்கள்.

உத்தராகண்ட் மாநிலத்தின் குமாவோன், கார்வால் மலைக் கிராமங்களுக்குப் போனால் முதல் இரண்டையும் இன்றும் பார்க்கலாம். கோடையில் விதைத்து, மழையை நம்பி வளர்த்து, ஐப்பசி, கார்த்திகை வாக்கில் அறுப்பார்கள். மகரந்தத்தைக் கொட்டிவிட்டு ஆண் செடி சீக்கிரமே காய்ந்துவிடும். பெண் செடியை விதை முற்றும்வரை விடுவார்கள். தண்டுகளைக் கட்டாகக் கட்டி, தண்ணீரில் பல நாள் ஊறப்போட்டு, அடித்து, பட்டையை உரித்தால் நார் கிடைக்கும். நம் ஊரில் தென்னை மட்டையை ஊறவைத்துக் கயிறு திரிப்பது மாதிரி! மாடு கட்ட, மூட்டை கட்ட, அந்தக் காலத்தில் குளிருக்குப் போர்த்திக்கொள்ளும் முரட்டுத் துணி நெய்யக்கூட இதே நார்தான்.

நாருக்காக வளர்ப்பவர்கள் நெருக்கமாக விதைப்பார்கள். இடம் இல்லாததால் செடி கிளை விடாமல், வெளிச்சத்தைத் தேடி நேராக, ஒல்லியாக மேலே போகும். நார் நீளமாகக் கிடைக்கும். பூ குறைவாகத்தான் இருக்கும்.

விதை? வறுத்து, உப்பு, மிளகாய், எலுமிச்சையோடு அரைத்தால் மலைநாட்டுச் சட்னி. வெந்தய ரொட்டிக்கு நாம் தொட்டுக்கொள்ளும் எள்ளுப் பொடி மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன். விதையில் போதை கிடையாது. முப்பது சதவிகிதத்துக்கு மேல் எண்ணெய், சுமார் 25 சதவிகிதம் புரதம். அதனால்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-ல் இந்த விதை, விதை எண்ணெய், விதை மாவு ஆகியவற்றை உணவாக விற்க அனுமதித்தது.

2018-ல், நாருக்காகவும் விதைக்காகவும் வணிக ரீதியில் பயிரிட நாட்டிலேயே முதல் முறையாக உரிமம் கொடுத்ததும் உத்தராகண்ட் அரசுதான். ஆனால் நிபந்தனை கறாரானது. போதைப் பொருளின் அளவு 0.3 சதவிகிதத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் பயிரை அழித்துவிட வேண்டும். இங்கேதான் முன்பு சொன்ன காற்று வில்லனாக வருகிறது! சுற்றுமலையில் தானாக முளைத்துக் கிடக்கும் போதைச் செடியின் மகரந்தம் காற்றில் வந்து விழுந்தால், அந்த விதையிலிருந்து அடுத்த வருஷம் முளைப்பது கலப்பு. போன வருஷம் ‘பாஸ்’ ஆன வயல், இந்த வருஷம் ‘ஃபெயில்’ ஆகலாம். உரிமம் வாங்கிய விவசாயிக்கே, ஆய்வுக்கூடத்தில் சோதிக்காமல் தன் வயலில் நிற்பது எது என்று சொல்ல முடியாது என்றால், பொட்டலத்தைக் கசக்கி முகர்ந்து பார்க்கிற பதினேழு வயசுப் பையனுக்கு எப்படித் தெரியும்?

“ஒரு தொட்டியில வெச்சா என்ன?”

சில பிள்ளைகளுக்கு இப்படியும் ஒரு ஆசை வரும். மொட்டை மாடியில் ரோஜாவுக்குப் பக்கத்தில் ஒன்று...

வேண்டவே வேண்டாம்! 1985-ம் வருடத்துப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்படி, உரிமம் இல்லாமல் கஞ்சாச் செடி வளர்த்தால் பத்து ஆண்டுகள் வரை கடுங்காவல் தண்டனை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஒரு ஏக்கரா, ஒரு தொட்டியா என்று சட்டம் பார்ப்பதில்லை.

சட்டத்தின் கண்ணில் ‘கஞ்சா’ என்பது பூவும் காயும் உள்ள நுனிப்பகுதி. பிசினைத் திரட்டினால் ‘சரஸ்’. வெறும் இலையும் விதையும், நுனிப்பகுதி சேராமல் தனியாக இருந்தால், இந்த விளக்கத்தில் வராது. அதனால்தான் வட இந்தியாவில் ஹோலிக்கும் சிவராத்திரிக்கும் இலையை அரைத்துப் பாலில் கலக்கும் ‘பாங்’ சில மாநிலங்களில் அரசு அனுமதியோடு விற்கப்படுகிறது. இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ‘அங்கே விற்கிறார்களே’ என்று சுற்றுலா போன இடத்தில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

வைத்திருப்பதற்கும் தண்டனை உண்டு. ஒரு கிலோ வரை ‘சிறிய அளவு’. அதற்கே ஓராண்டு வரை சிறையோ, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். வழக்கு ஒன்று பதிவானால் பாஸ்போர்ட், அரசு வேலை என்று அது எங்கெல்லாம் குறுக்கே வந்து நிற்கும் என்று உங்களுக்கே தெரியும்.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

1964-ல் இஸ்ரேல் விஞ்ஞானி ரஃபேல் மெக்கூலமும் அவர் சகா யெஹியேல் கவோனியும், போதைக்குக் காரணமான ரசாயனத்தைத் தனியாகப் பிரித்து அதன் அமைப்பைக் கண்டுபிடித்தார்கள். அதுதான் டி.எச்.சி. இதன் தம்பி சி.பி.டி. — இது போதை தராது.

ஒரு செடியின் சரக்கு ஏன் நம் மூளையில் வேலை செய்ய வேண்டும்? பதில் 1992-ல் கிடைத்தது. நம் மூளையே டி.எச்.சி. மாதிரி ஒன்றைத் துளித்துளியாகச் சுரக்கிறதாம்! பசி, தூக்கம், ஞாபகம், வலி, பயம் எல்லாவற்றையும் மெல்ல ‘அட்ஜஸ்ட்’ செய்வது அதன் வேலை. மெக்கூலம் குழுவினர் அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? ‘ஆனந்தமைடு’. ஆம், நம் ‘ஆனந்தம்’தான்!

வீட்டில் சமையலுக்கு உப்பு போடுகிறீர்கள். கை அளவு உங்களுக்குத் தெரியும். அப்போது வெளியாள் ஒருவர் உள்ளே புகுந்து உப்பு மூட்டையையே அவிழ்த்துக் கொட்டினால்? டி.எச்.சி. செய்வது அதுதான். ஆனந்தமைடு வந்த வேகத்தில் கரைந்துபோகும். டி.எச்.சி.யோ மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் உடம்பின் கொழுப்பில் ஒளிந்துகொண்டு, தொடர்ந்து பிடிப்பவர்களின் சிறுநீரில் வாரக்கணக்கில் தலைகாட்டும்.

விளைவு? சிரிப்பு, மிதப்பு, பசி. கூடவே படபடப்பு, வாய் வறட்சி, நேரம் நின்றுபோன மாதிரி பிரமை, இப்போது கேட்டது இப்போதே மறந்துபோவது, சிலருக்குத் தாங்க முடியாத பயம்.

பிடித்தால் சில நிமிடங்களில் ஏறும். பாங் மாதிரி குடித்தாலோ, சாக்லேட், பர்ஃபி மாதிரி தின்றாலோ அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை ஒன்றும் தெரியாது. “என்னடா, ஒண்ணுமே ஆகலே” என்று இன்னொன்றை விழுங்குவார்கள். அப்புறம் இரண்டும் சேர்ந்து ஏறும்! விவரம் தெரியாமல் அதைத் தின்றுவிடும் சின்னக் குழந்தைக்கு மயக்கமும் மூச்சுத் திணறலும் வரலாம். தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய விஷயம்.

“அந்தக் காலத்துல சாமியாருங்க பிடிச்சாங்களே?”

பிடித்தார்கள். ஆனால் சரக்கு வேறு. அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவைத் தொடர்ந்து சோதித்து வந்திருக்கிறார்கள். 1995-ல் அதில் டி.எச்.சி. சுமார் 4 சதவிகிதம். 2014-ல் சுமார் 12 சதவிகிதம். இருபது வருஷத்தில் மூன்று மடங்கு! கலப்பினத் தேர்வின் வேலை இது. சமாதானப்படுத்தும் தம்பி சி.பி.டி. குறைந்துகொண்டே போக, அண்ணன் மட்டும் கொழுத்துவிட்டான்.

சாமியாருக்கும் உங்கள் பையனுக்கும் இன்னொரு பெரிய வித்தியாசம்... வயசு! மனித மூளை இருபத்தைந்து வயது வாக்கில்தான் முழுமையாக முதிர்கிறது. யோசித்து முடிவெடுக்கிற, ‘வேண்டாம்’ என்று பிரேக் போடுகிற முன்மூளைதான் கடைசியில் தயாராகும் பகுதி. கட்டுமான வேலை நடக்கும்போதே சுவரில் தண்ணீர் இறங்கினால்?

ஸ்வீடனில் ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது விசாரிக்கப்பட்ட 45,000-க்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பதினைந்து வருஷம் கவனித்து, 1987-ல் முடிவை வெளியிட்டார்கள். ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா உபயோகித்ததாகச் சொன்னவர்களுக்கு ‘ஸ்கிஸோஃப்ரினியா’ என்ற கடும் மனநோய் வந்தது, மற்றவர்களைவிட ஆறு மடங்கு அதிகம். கஞ்சா மட்டுமேதான் காரணமா, பரம்பரையும் சேர்ந்துதானா என்று டாக்டர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். பிடிக்கிற எல்லாருக்கும் மனநோய் வந்துவிடாது என்பதும் உண்மை. ஆனால் குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்திருந்தால், அந்த வீட்டுப் பிள்ளை இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கக்கூடாது. இதில் வாதமே இல்லை.

“இது பழக்கமாகாது” என்பதும் தப்பு. உபயோகிப்பவர்களில் சுமார் பத்தில் ஒருவர் அடிமையாகிறார். பதின்வயதில் தொடங்கினால் ஆறில் ஒருவர் என்கின்றன ஆய்வுகள். நிறுத்தினால் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை. முதல் வாரம் உச்சத்தில் இருந்து, இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். நம் ஊரில் பீடி, சிகரெட் புகையிலையோடு கலந்து பிடிப்பதால் நிகோடின் அடிமைத்தனம் இலவச இணைப்பு!

ஹெராயின் மாதிரி இது அளவு மீறி மூச்சை நிறுத்திக் கொல்வது அபூர்வம். மூச்சைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியில் டி.எச்.சி. பிடித்துக்கொள்ள இடம் குறைவு. இதையும் பிள்ளையிடம் ஒப்புக்கொள்ளுங்கள். அப்போதுதான் நீங்கள் சொல்லும் மற்றதை நம்புவான்.

மருந்தா, இல்லையா?

மருந்துதான். 1839-ல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இருந்த டாக்டர் வில்லியம் ஓஷானஸி, முதலில் விலங்குகளிடமும் பிறகு நோயாளிகளிடமும் கஞ்சாச் சாற்றைச் சோதித்து எழுதினார். வலிப்பில் துடித்த ஒரு பச்சைக் குழந்தைக்குக்கூடக் கொடுத்துப் பார்த்தார். கிட்டத்தட்ட 180 ஆண்டுகள் கழித்து, 2018-ல், சில அபூர்வமான குழந்தைப் பருவ வலிப்புகளுக்கு, இதே செடியிலிருந்து சுத்திகரித்த சி.பி.டி. மருந்தை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதித்தது. புற்றுநோய் சிகிச்சையில் வரும் வாந்திக்கு, டி.எச்.சி.யைச் செயற்கையாகத் தயாரித்த மாத்திரை 1985-லேயே அங்கே வந்துவிட்டது. ஐக்கிய நாடுகள் போதைப்பொருள் ஆணையமும் 2020-ல் மிகக் கடுமையான பட்டியலிலிருந்து இதை நீக்கியது. மருத்துவ மதிப்பு உண்டு என்று ஒப்புக்கொண்டதுதான் அதன் அர்த்தம். கட்டுப்பாட்டை எடுத்துவிடவில்லை.

நம் சித்த, ஆயுர்வேத முறைகளிலும் இதற்கு இடம் உண்டு. ஆனால், எந்த இடம் தெரியுமா? நச்சுப் பொருட்களின் வரிசையில்! சுத்தி செய்து, அளந்து, வைத்தியர் மேற்பார்வையில் மட்டுமே தர வேண்டும் என்பதால், நம் மருந்துச் சட்ட விதிகளும் சித்த, ஆயுர்வேத நச்சுப் பொருட்களின் தனிப் பட்டியலில் இதை வைத்திருக்கின்றன. எட்டிக்கொட்டையும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. அதையும் ‘மூலிகைதானே’ என்று யாராவது மெல்லுவார்களா?

மருந்து என்றால் அளவு உண்டு, நோய் உண்டு, டாக்டர் உண்டு. இந்த மூன்றும் இல்லாமல் பொட்டலத்தில் வருவதற்குப் பெயர் மருந்தில்லை.

உங்கள் வீட்டில் சந்தேகம் வந்தால்...

கண் சிவப்பு, துணியில் புல் எரிந்த மாதிரி வாடை, அகால நேரத்தில் அகோரப் பசி, காரணமில்லாத சிரிப்பு, அப்புறம் மந்தம், மார்க் சரிவு, பழைய நண்பர்கள் காணாமல் போய்ப் புது நண்பர்கள், பர்ஸில் பணம் குறைவது... இவையெல்லாம் அறிகுறிகள். ஆனால், அவசரப்படாதீர்கள்! ராத்திரி முழுக்க செல்போன் பார்த்தாலும் கண் சிவக்கும். காதல் தோல்வியிலும் மார்க் சரியும். ஒன்றை வைத்து முடிவு கட்டாதீர்கள். பல அறிகுறிகள் சேர்ந்து, வாரக்கணக்கில் தொடர்ந்தால் கவனியுங்கள்.

அவன் போதையில் இருக்கும்போது பேசாதீர்கள். மறுநாள் பேசுங்கள். அடிக்காதீர்கள். மாமா, சித்தப்பா என்று ஊரைக் கூட்டிப் பஞ்சாயத்து வைக்காதீர்கள். “எதுக்குடா இப்படிப் பண்ணினே?” என்பதைவிட, “எப்ப ஆரம்பிச்சுது கண்ணு? அது இல்லாம என்ன கஷ்டமா இருக்கு?” என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பின்னால் வேறு ஏதாவது இருக்கும்: தூக்கமின்மை, பரீட்சை பயம், கேலி, தனிமை. அதற்கு வைத்தியம் பார்க்காமல் இதை மட்டும் பிடுங்கினால், இன்னொன்றைத் தேடிப் போவான்.

இதற்கென்று தனி மாத்திரை இதுவரை அங்கீகரிக்கப்படவில்லை. மனநல மருத்துவரின் ஆலோசனையும் முறையான கவுன்சலிங்கும்தான் சிகிச்சை. அதில் நன்றாகவே மீண்டு வருகிறார்கள். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. கட்டணம் கிடையாது. தனக்கே தனக்கில்லாத குரல் கேட்பது, எல்லாரும் தன்னையே உளவு பார்க்கிறார்கள் என்று பயப்படுவது... இவை தெரிந்தால் ஒரு நாள்கூடக் காத்திராமல் மனநல மருத்துவரிடம் போய்விடுங்கள்.

“டாக்டர்கிட்டே போனா போலீஸ் கேஸ் ஆயிடுமோ?” இந்தப் பயத்தில்தான் பல பெற்றோர் வருஷக்கணக்கில் மூடி மறைக்கிறார்கள். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அதே சட்டத்தில் 64-ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. உபயோகித்ததற்காகவோ, சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய ஒருவர், தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த நிலையத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால், அந்தக் குற்றத்துக்கான தண்டனை நடவடிக்கையிலிருந்து விலக்குப் பெற இது வழி செய்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கு ரத்தாகலாம். அவ்வளவு பெரிய சட்டமே, குணமாக நினைப்பவனுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. நம் வீட்டுக் கதவை நாம் சாத்தலாமா?

மறுபடி சமையலறைக்கு வாருங்கள். இன்று ராத்திரி சாப்பாட்டு வேளையில், கொத்தமல்லி தூவின ரசத்தை ஊற்றிக்கொண்டே பேச்சை ஆரம்பியுங்கள். “டேய், இந்தக் கொத்தமல்லிக்கும் கஞ்சாவுக்கும் ஒரே கடைசிப் பேர், தெரியுமா?” என்று. நிச்சயம் நிமிர்ந்து பார்ப்பான். அப்புறம் நீங்கள் பேசுவதைக் குறைத்துக்கொண்டு, அவன் சொல்வதைக் கேளுங்கள். பிரச்னை வந்த பிறகு பேசுவதைவிட, வராதபோதே பேசி வைப்பது சுலபம்.